ஆல்பத்தில் நிற்பது எந்தக் கார்? 1950-களின் அமெரிக்கக் கார்கள்: கேள்வி-பதில்

பழைய அமெரிக்கக் கார்களைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். முதலில் ஒன்று. பேட்ஜ், பெயிண்ட், வீல் கப் எல்லாம் யாரும் எப்போதும் மாற்றக்கூடியவை. தகரத்தின் வளைவு, பெட்ரோல் டேங்க் மூடி இருக்கும் இடம், சேஸிஸ் நம்பர் ஆகியவற்றை அவ்வளவு சுலபமாக மாற்ற முடியாது. நான் எப்போதும் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

தாத்தா 1950-களின் தொடக்கத்தில் வைத்திருந்த காரில் ‘டாட்ஜ்’ என்று இருக்கிறது. அதே வருஷத்து அமெரிக்க டாட்ஜ் படங்களோடு ஒப்பிட்டால் பொருந்தவே இல்லை. யாராவது பேட்ஜை மாற்றியிருப்பார்களா? (காரைக்குடி வாசகி)

யாரும் மாற்றவில்லை அம்மா. நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது டாட்ஜ் கிங்ஸ்வே. கிரைஸ்லர் கம்பெனியின் கார்களில் விலை குறைந்தது பிளிமத். வெளிநாட்டுச் சந்தைக்கு அதே பிளிமத் உடம்பில் முன்பக்க அலங்காரத்தை மட்டும் கொஞ்சம் மாற்றி, டாட்ஜ் பெயர் போட்டு அனுப்பினார்கள். டிசோட்டோ பெயர் போட்டால் அதுவே டிசோட்டோ டிப்ளமாட். வால்சந்த் ஹிராசந்த் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் சுதந்திரத்துக்குப் பிறகு பம்பாயில் இந்த வகைக் கார்களை, பாகங்களாக வரவழைத்துப் பூட்டி விற்றது. நம் ஊர் ஆல்பங்களில் இவை இத்தனை வருவதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

ஆகவே அமெரிக்க டாட்ஜை விட்டுவிட்டு, அந்த வருஷத்து பிளிமத் படங்களை எடுத்துப் பாருங்கள். கூரையின் வளைவு, பின்கண்ணாடி, டிக்கி மூன்றும் அப்படியே பொருந்தும். பானெட் நுனியில் இருக்கும் உருவத்தையும் கவனியுங்கள். பாய்மரக் கப்பல் என்றால் பிளிமத், கொம்புள்ள செம்மறிக்கடா என்றால் டாட்ஜ்.

வண்டி இன்னும் உறவினர் வீட்டு ஷெட்டில் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பானெட்டைத் திறந்து பாருங்கள். தட்டையான ஒரு சிலிண்டர் ஹெட், அதன் மேல் வரிசையாக ஆறு ஸ்பார்க் பிளக். சுமார் 3.6 லிட்டர், சைடு வால்வ் எஞ்சின். வேகத்துக்காகச் செய்ததல்ல. ஆனால் டாப் கியரில் மெதுவாக உருட்டிக்கொண்டு போய், அப்படியே ஆக்சிலேட்டரை மிதித்தாலும் திணறாமல் இழுக்கும். வண்டியை நிறுத்திவைத்து எஞ்சினை மட்டும் ஓடவிட்டால், ஓடுகிறதா இல்லையா என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். தயவுசெய்து அதை எடுத்துவிட்டு டீசல் எஞ்சின் வைத்துவிடாதீர்கள்.

முன்பக்க நடுவில் உருண்டையாக ஏதோ இருக்கிறது. ஒருவர் ஃபோர்டு என்கிறார், இன்னொருவர் ஸ்டூடிபேக்கர் என்கிறார். (திருச்சி வாசகர்)

ஃபோர்டு, 1949 அல்லது 1950. அகலமான குறுக்குப் பட்டையின் நடுவில் அந்த உருண்டை உட்கார்ந்திருக்கிறது, காரின் மூக்கு தட்டையாகவே இருக்கிறது. பானெட் முனையில் கேடயம் போன்ற சின்னம் தெரிந்தால் 1950. உருண்டை இரண்டாகிவிட்டால் அது 1951. ஸ்டூடிபேக்கரில் (1950, 1951) மூக்கே விமானத்தின் மூக்குபோல முன்னால் நீண்டு வரும், கிரில் (ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் சல்லடை) அதற்கு இரண்டு பக்கமும் கீழே பிரிந்து நிற்கும். ஒருமுறை நேரில் பார்த்தவர் பிறகு குழம்பவே மாட்டார்.

டெக்சஸில் வேலை பார்க்கிறேன். 1957 செவர்லே பெல் ஏர், ஒரிஜினல் வி-8 என்று ஒருவர் விற்கிறார். நம்பலாமா? 55, 56, 57 மூன்றையும் எப்படிப் பிரித்தறிவது? (டாலஸ் வாசகர்)

மூன்று வருஷக் கார்களுக்கும் அடிப்படை உடம்பு ஒன்றுதான், அதனால் குழப்பம் இயல்பு. 1955-இல் கிரில் சின்னச் சின்னக் கட்டங்களாக, இரண்டு ஹெட்லைட்டுக்கும் நடுவில் அடங்கி நிற்கும். 1956-இல் அது முழு அகலத்துக்கும் விரிந்துவிட்டது. 1957-இல் பம்பரில் தோட்டா மாதிரி இரண்டு முனைகள், பானெட்டில் நீளமாக இரண்டு மேடுகள், பின்னால் கூரான வால் இறக்கைகள்.

பின்பக்கம் மட்டும் தெரிந்தால் டேங்க் மூடியைத் தேடுங்கள். 1955-இல் இடதுபக்கப் பின் மட்கார்டில் சின்னக் கதவாக வெளிப்படையாகவே இருக்கும். 1956-இல் இடது பின்விளக்கே கீலில் திறக்கும், மூடி அதற்குப் பின்னால். 1957-இல் இடது இறக்கையின் ஓரத்துக் குரோமியப் பட்டையைத் திறக்க வேண்டும். தெரியாத பெட்ரோல் பங்க் பையன் சுற்றிச் சுற்றி வருவான்!

சரி, நம்பலாமா என்ற கேள்விக்கு வருவோம். டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, கீல் பொருந்தும் தூணில் இருக்கும் தகட்டைப் படியுங்கள். ‘விசி57எஃப்’ என்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கினால், வி என்பது எட்டு சிலிண்டர் வி-8 எஞ்சின், சி என்பது பெல் ஏர், 57 வருஷம், எஃப் என்பது மிச்சிகனில் உள்ள ஃபிளின்ட் தொழிற்சாலை. அதற்குப் பிறகு வருவது வரிசை எண். முதலில் வி இல்லாமல் நேரே சி என்று தொடங்கினால், அந்த வண்டி ஆறு சிலிண்டரோடு பிறந்தது. வி-8 பிற்பாடு ஏற்றியது. சி இருக்க வேண்டிய இடத்தில் பி இருந்தால் அது விலை குறைந்த ‘டூ-டென்’ மாடல். பெல் ஏரின் அலுமினியப் பட்டைகளை வாங்கி ஒட்டி, பெல் ஏர் என்று விற்பது அங்கே பழைய வழக்கம். டூ-டென்னும் அருமையான வண்டிதான், ஆனால் பெல் ஏர் விலைக்கு அதை வாங்கக் கூடாது. தகட்டு எண்ணும் உரிமைப் பத்திரத்து எண்ணும் ஒன்றாக இல்லையென்றால் பேச்சையே நிறுத்திவிடுங்கள்.

கியூபா போயிருந்தபோது எடுத்த படம். வால் இறக்கை நிமிர்ந்து நிற்காமல் படுத்திருக்கிறது. இது காடிலாக்கா? (சிங்கப்பூர் வாசகி)

இல்லை, 1959 செவர்லே. படுத்த இறக்கைக்குக் கீழே பூனைக்கண் மாதிரி நீண்ட விளக்கு பக்கத்துக்கு ஒன்று. அந்த விளக்கு அந்த ஒரு வருஷத்துக்கு மட்டும்தான். அடுத்த வருஷமே வட்ட விளக்குகள் வந்துவிட்டன. 1959 காடிலாக்கில் இறக்கை வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும், ஒவ்வொன்றிலும் இரண்டு கூரான சிவப்பு விளக்குகள். இந்த இறக்கை மோகம் 1948 காடிலாக்கில் தொடங்கியது. ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்லும் அவருடைய குழுவினரும் லாக்ஹீட் பி-38 போர் விமானத்தின் இரட்டை வாலைப் பார்த்து எடுத்த யோசனை அது.

1959 ஜனவரியில் புரட்சி வென்ற நாட்டில் 1959 மாடல் எப்படி என்றும் கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்கக் கம்பெனிகள் அடுத்த வருஷ மாடலை முந்தைய வருஷக் கடைசியிலேயே கடைக்குக் கொண்டுவந்துவிடும். வீட்டுப் படங்களுக்குத் தேதி போடுகிறவர்களும் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்: 1958 டிசம்பரில் எடுத்த படத்தில் 1959 மாடல் நிற்கலாம்.

எட்செல் என்றால் என்ன? (கோவை வாசகர்)

ஃபோர்டு கம்பெனி 1957 செப்டம்பரில் பெரும் விளம்பரத்தோடு இறக்கி, 1959 நவம்பரில் நிறுத்திய கார். நடுவில் செங்குத்தாக நிற்கும் நீள்வட்ட கிரில்தான் அடையாளம். 1958 மாடலை, விரும்பினால் ஸ்டியரிங் நடுவிலேயே கியர் பட்டன்கள் வைத்தும் வாங்க முடிந்தது.

அப்பா ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர் போட்டது நினைவிருக்கிறது. டிம் அடிப்பது காலால். அது எந்தக் காராக இருக்கும்? (யாழ்ப்பாண வாசகர்)

அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது ஐயா, அந்தக் காலத்து அமெரிக்கக் கார்களில் ஏறக்குறைய எல்லாமே அப்படித்தான். லீவரை உங்கள் பக்கம் இழுத்துக் கீழே தள்ளினால் முதல் கியர், மேலே ரிவர்ஸ். நியூட்ரலில் விட்டு மேலே தூக்கினால் இரண்டு, கீழே மூன்று. தரையில் கியர் இல்லாததால் முன் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தார்கள். நடுவில் உட்காரும் பாக்கியம் பிள்ளைகளுக்குத்தான்.

நினைவுக்குக் கொண்டுவர ஒன்று கேட்கிறேன். மழையில் மேட்டில் ஏறும்போது வைப்பர் நின்று நின்று ஓடியதா? ஃபோர்டு, செவர்லே போன்றவற்றில் வைப்பர் எஞ்சின் உறிஞ்சும் காற்றில் ஓடியது. ஆக்சிலேட்டரை அழுத்தினால் அந்த உறிஞ்சல் குறைந்து வைப்பர் சோர்ந்துவிடும், காலை எடுத்தால் படபடவென்று அடிக்கும். அப்படி ஓடியதாக நினைவிருந்தால் எழுதுங்கள், அப்புறம் டேஷ்போர்டில் ஸ்பீடோமீட்டர் வட்டமா, அரைவட்டமா என்பதையும் சேர்த்து. மேற்கொண்டு தேடலாம்.