சென்சார் அளக்கும், ஃபிட்டர் துடைக்க வேண்டும் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இருபது வருடமாக நூற்பாலையில் ஃபிட்டராக இருக்கிறேன். புதிதாக வந்திருக்கும் மெஷின்களில் மாற்றுவதற்குப் பல்சக்கரமே இல்லை. ஸ்கிரீனில் எண்ணைத் தட்டினால் எல்லாம் மாறிவிடுகிறது. எலக்ட்ரீஷியன் லேப்டாப்போடு வருகிறார், நான் ஸ்பேனரோடு பக்கத்தில் நிற்கிறேன். இனி எனக்கு என்ன வேலை?
– ஃபிட்டர், உடுமலை

பதில்: மில் பராமரிப்பிலேயே காலத்தைக் கழித்தவன் நான். உங்களைப் போன்றவர்களின் கடிதங்களைத்தான் முதலில் பிரிப்பேன். ஒளிக்காமல் சொல்கிறேன். கவுண்ட், அதாவது நூலின் மெல்லிமை எண், மாறும்போதெல்லாம் மெஷினை நிறுத்தி, கியர் பெட்டியைத் திறந்து, சேஞ்ச் வீல் என்ற பல்சக்கரத்தைக் கழற்றி, இரண்டு பல் கூடுதலாக உள்ளதைப் போட்டு, பல்லுக்குப் பல் இடைவெளி பார்த்து இறுக்கினோமே, அந்த வேலை போய்விட்டது. திரும்ப வராது. புது மாடல்களில் ரோலர்களைத் தனித்தனி மோட்டார்கள் ஓட்டுகின்றன. எது எவ்வளவு வேகம் என்ற விகிதம் இரும்பில் இல்லை, புரோகிராமில் இருக்கிறது.

ஆனால் உங்கள் வேலை அதோடு முடிந்துவிடவில்லை. டிராயிங் மெஷினையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு அல்லது எட்டு ஸ்லைவர், அதாவது முறுக்கேறாத பஞ்சுத் திரி, உள்ளே போய், இழுபட்டு, ஒரே ஸ்லைவராக வெளியே வருகிறது. உள்ளே போகும் பஞ்சு எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக இருக்காது. அதைச் சமப்படுத்தத்தான் ஆட்டோலெவலர். நுழைகிற இடத்தில் ஒரு ஜோடி ரோலர் இருக்கும். ஒன்றில் பள்ளம், மற்றதில் அந்தப் பள்ளத்துக்குள் உட்காரும் நாக்கு. நாக்கு ரோலர் பஞ்சை அழுத்திக்கொண்டே சுற்றும். தடித்த இடம் வந்தால் அது துளி நகரும். அந்த நகர்வைத்தான் சென்சார் அளக்கிறது.

அளந்ததும் கண்ட்ரோலர் அவசரப்படாது. அந்தத் தடித்த இடம் அளந்த ரோலரிலிருந்து இழுக்கும் இடத்துக்கு வந்து சேரும்வரை கணக்குப் போட்டுக் காத்திருக்கும். வந்து சேரும் கணத்தில் சொன்ன வேகத்தை உடனே பிடிக்கும் சர்வோ மோட்டார் பின் ரோலர்களின் வேகத்தைக் குறைக்கும். முன் ரோலர் அதே வேகத்தில் ஓடுவதால் அந்த இடத்தில் மட்டும் இழுவை கூடும், தடிமன் குறையும். ஸ்லைவர் நிமிடத்துக்கு 800 மீட்டர், அதாவது விநாடிக்கு 13 மீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே இவ்வளவும் நடக்கிறது. எந்தத் தொழிலாளியின் கைக்கும் இது சாத்தியமில்லை. முதல் முறை பார்த்தபோது நான் அசந்துதான் போனேன், இன்றும் அந்த வியப்பு குறையவில்லை.

சரி, இதில் ஃபிட்டருக்கு என்ன இடம்? அந்தப் பள்ளத்தில்தான் இருக்கிறது. ஒட்டுகிற ரகப் பஞ்சு ஓடும் நாட்களில் அங்கே பிசுக்கு படியும். படிந்த பிசுக்கையும் சென்சார் பஞ்சாகவே எண்ணிக்கொள்ளும். தடிமன் கூடிவிட்டது என்று மெஷின் கூடுதலாக இழுக்கும், ஸ்லைவர் மெலியும். வெளியே வரும் இடத்தில் இருக்கும் இன்னொரு சென்சார் அதைக் கண்டுபிடித்து மெஷினை நிறுத்தும். ஸ்கிரீனில் ஸ்லைவர் எடை சரியில்லை என்று மட்டும்தான் வரும். பள்ளத்தில் பிசுக்கு இருக்கிறது என்று எந்த ஸ்கிரீனும் சொல்லாது. அதைக் குனிந்து பார்த்துச் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். கோவைக்குப் பக்கத்தில் ஒரு மில்லில் சர்வோ மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவ் ஓவர்லோடு அலாரம் காட்டிக்கொண்டே இருந்தது. டிரைவை மாற்றினார்கள், மோட்டாரை மாற்றினார்கள், கேபிளையும் மாற்றினார்கள். அலாரம் நிற்கவில்லை. கடைசியில் ஒரு ஃபிட்டர் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஷாஃப்ட்டைக் கையால் மெதுவாகச் சுற்றினார். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் கை இறுகியது. பேரிங் போயிருந்தது. அவர் விரலுக்குத் தெரிந்தது டிரைவுக்கும் ஒரு வகையில் தெரிந்துதான் இருக்கிறது, அதனால்தான் அதிகக் கரண்ட் இழுத்தது. காரணம் சொல்ல மட்டும் அதற்குத் தெரியவில்லை.

அதனால் எலக்ட்ரீஷியன் பக்கத்தில் சும்மா நிற்காதீர்கள். ஸ்கிரீனில் இன்புட், அவுட்புட் பக்கம் எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தொடாமலே இரும்பு பக்கத்தில் வந்ததை உணரும் பிராக்ஸிமிட்டி சென்சாரின் முதுகில் உள்ள சின்ன விளக்கு எப்போது எரிய வேண்டும், எப்போது அணைய வேண்டும் என்று பழகுங்கள். மோட்டார் எவ்வளவு சதவீதம் லோடில் ஓடுகிறது என்பதை மெஷின் நன்றாக ஓடும் நாளிலேயே நோட்டில் குறித்து வையுங்கள். அந்த எண் ஏறினால் பெல்ட், பேரிங், கிரீஸ் இவற்றில் ஏதோ ஒன்று உங்களைக் கூப்பிடுகிறது என்று அர்த்தம். இரண்டு பக்கமும் தெரிந்த ஃபிட்டரை எந்த மில்லும் விடாது.

கேள்வி: மகன் பத்தாவது முடித்திருக்கிறான். டிப்ளமாவில் மெக்கானிக்கல் சேர்ப்பதா, மெக்கானிக்கலும் எலக்ட்ரானிக்ஸும் கலந்த மெக்கட்ரானிக்ஸா?
– ஒரு தாய், ஈரோடு

பதில்: அம்மா, படிப்பின் பெயரைப் பார்க்காதீர்கள், லேபைப் பாருங்கள். சேர்ப்பதற்கு முன் கல்லூரிக்குப் போய், காற்றில் இயங்கும் சிலிண்டர், வால்வு, மெஷினைப் புரோகிராம்படி இயக்கும் பி.எல்.சி. கண்ட்ரோலர் எல்லாம் மாணவர்களே வயர் கழற்றி மாட்டும்படி இருக்கிறதா என்று கேளுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் வைத்து ஆசிரியர் மட்டும் ஓட்டிக் காட்டினால் வேண்டாம். பக்கத்தில் நல்ல ஒர்க்ஷாப் உள்ள மெக்கானிக்கல் கல்லூரி இருந்தால் தாராளமாக அதில் சேருங்கள், பி.எல்.சி.யை அப்புறம் கற்றுக்கொள்ளலாம். அரம் பிடிக்காமல், வெர்னியர் பார்க்கப் பழகாமல் நேரே புரோகிராமுக்குப் போன பையன்கள் மெஷின் முன்னால் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். ஐ.டி.ஐ.யிலும் டெக்னீஷியன் மெக்கட்ரானிக்ஸ் என்ற இரண்டு வருடப் பிரிவு இருக்கிறது. வீட்டு நிலைமைக்கு அது ஒத்துவந்தால் அதைக் குறைவாக நினைக்க வேண்டாம்.

கேள்வி: பி.எல்.சி. எப்போது, எதற்காக வந்தது?
– பாலிடெக்னிக் மாணவர், திண்டுக்கல்

பதில்: 1968-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்கு ஒரு தலைவலி இருந்தது. கார் மாடல் மாறும்போதெல்லாம் அலமாரி அலமாரியாக ரிலே என்ற மின்காந்த சுவிட்ச்சுகளின் வயரைப் பிரித்து மறுபடி கட்ட வேண்டியிருந்தது. வயரைத் தொடாமல் புரோகிராமை மட்டும் மாற்றும்படி ஒரு கருவி வேண்டும் என்று கேட்டார்கள். எஞ்சினியர் டிக் மோர்லியும் அவர் கூட்டாளிகளும் செய்து கொடுத்தது மோடிகான் 084 என்ற பி.எல்.சி. அவர்களுடைய 84-ஆவது திட்டம் என்பதால் அந்த எண். ரிலே வரைபடம் படிக்கத் தெரிந்த எலக்ட்ரீஷியன் அப்படியே படிக்கும்படி லேடர், அதாவது ஏணி போன்ற வடிவத்தில் புரோகிராமை வைத்ததுதான் அவர்கள் செய்த பெரிய உபகாரம் என்பேன். முதலில் லேடரை ஒழுங்காகப் படியுங்கள், மற்ற மொழிகள் பின்னால் வரட்டும்.

கேள்வி: ஜாப் ஒர்க் செய்யும் சிறு பட்டறை என்னுடையது. பழைய லேத்தில் மோட்டாரும் கண்ட்ரோலரும் மாட்டி சி.என்.சி., அதாவது கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் மெஷின், ஆக்கித் தருகிறேன் என்று ஒருவர் வருகிறார். செய்யலாமா?
– பட்டறைக்காரர், கணபதி, கோவை

பதில்: அவருக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு டயல் கேஜை எடுங்கள். பெட்டில் நிறுத்தி முள்ளை டூல் போஸ்ட்டில் தொட வையுங்கள். ஹேண்டில் வீலை ஒரு பக்கமாகக் கொஞ்சம் சுற்றி முள் நகர்ந்ததும் நிறுத்துங்கள். பிறகு எதிர்ப்பக்கம் மெதுவாகச் சுற்றுங்கள். முள் அசைவதற்குள் ஹேண்டில் எவ்வளவு வெறுமனே சுற்றுகிறதோ அதுதான் பேக்லாஷ். டூலை நகர்த்தும் பழைய லீடு ஸ்க்ரூவில் இது தாராளமாக இருக்கும்.

கண்ட்ரோலரில் பேக்லாஷை ஈடுகட்ட ஒரு பாராமீட்டர் இருக்கிறது, அதில் எண்ணைப் போட்டால் சரியாகிவிடும் என்று அவர் சொல்வார். சும்மா நகரும்போது சரியாகத்தான் இருக்கும். வெட்டும்போது விசை ஸ்லைடைத் தள்ளும், ஆட்டம் உள்ள இடத்தில் அது தன்னிஷ்டத்துக்கு நகரும். மோட்டார் முனையில் உள்ள என்கோடருக்கு மோட்டார் எவ்வளவு சுற்றியது என்றுதான் தெரியும். டூலின் முனை எங்கே நிற்கிறது என்பது அதற்குத் தெரியாது. அதனால் உள்ளே குண்டுகள் உருண்டு ஆட்டமில்லாமல் நகர்த்தும் பால் ஸ்க்ரூ போடாமல் மாற்றவே வேண்டாம். சக்குக்குப் பக்கத்தில் பெட் தேய்ந்திருந்தால் அதை முதலில் கிரைண்டிங் செய்யுங்கள்.

விலை குறைவு என்று, படிப்படியாகச் சுற்றும் ஸ்டெப்பர் மோட்டார் காட்டினால் ஒன்றை நினைவில் வையுங்கள். சாதாரண ஸ்டெப்பர் லோடு தாங்காமல் சில ஸ்டெப்பைத் தவறவிட்டால் கண்ட்ரோலருக்குத் தகவலே போகாது, அது எல்லாம் சரி என்று நினைத்து அடுத்த ஜாபையும் கெடுக்கும். என்கோடர் உள்ள சர்வோ அப்படியில்லை, பின்தங்கினால் அலாரம் போட்டு நிற்கும். இவ்வளவும் செய்யும் செலவைக் கூட்டிப் பார்த்து, நல்ல நிலையில் உள்ள பழைய சி.என்.சி. லேத் விலையோடு ஒப்பிடுங்கள். பல நேரம் பழைய சி.என்.சி.யே லாபம்.

கேள்வி: மில்லுக்குள் ஈரப்பதம் காக்கும் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் ஃபேனுக்கு, மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வி.எஃப்.டி. போட்டால் கரண்ட் பாதியாகும் என்கிறார்கள். உண்மையா?
– மில் எலக்ட்ரிகல் சூப்பர்வைசர், ராஜபாளையம்

பதில்: ஃபேன் விஷயத்தில் உண்மைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஃபேன் எடுக்கும் பவர் வேகத்தின் முப்படியாக மாறும். வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் பவர் சுமார் 51 சதவீதத்துக்கு இறங்கும். ஆனால் யாராவது ஒருவர் பார்த்துப் பார்த்து வேகத்தைக் குறைக்க வேண்டும் என்றால் அது நடக்காது, ஒரு வாரத்தில் மறுபடி முழு வேகத்தில் ஓடும். டிபார்ட்மென்ட்டுக்குள் ஈரப்பத சென்சார் வைத்து அதன்படி வி.எஃப்.டி. தானே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும்படி செய்யுங்கள். சென்சாரில் பஞ்சுத் தூசி அடைத்தால் அளவு தவறாகும், அதைச் சுத்தம் செய்ய ஆள் நியமியுங்கள். மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்புக்கு இதே கணக்கைச் சொல்லி விற்க வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உயரத்துக்குத் தள்ள வேண்டிய இடத்தில் வேகம் ஓர் அளவுக்குக் கீழே போனால் தண்ணீரே ஏறாது.

கேள்வி: பஞ்சைச் சிக்கெடுக்கும் எங்கள் கார்டிங் மெஷினில் கதவுச் சுவிட்ச்சைக் கம்பியால் கட்டிவிட்டார்கள். கதவு திறந்திருந்தாலும் மெஷின் ஓடும். அடிக்கடி நின்றால் உற்பத்தி போகிறது என்கிறார் மேஸ்திரி. எல்லோரும் பழகிவிட்டோம். இதைப் பெரிதுபடுத்தலாமா?
– பெயர் வேண்டாம்

பதில்: கட்டாயம் பெரிதுபடுத்த வேண்டும். இந்த மாதம் வந்த கடிதங்களில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது இதுதான். கார்டிங் சிலிண்டர் முழுக்கக் கம்பி முனைகள். கனமான அந்த உருளை, கரண்டை நிறுத்திய பிறகும் நிமிடக் கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். சத்தம் அடங்கிவிட்டது, நின்றுவிட்டது என்று நினைத்து உள்ளே கை விடுகிறவர்கள்தான் கையை இழக்கிறார்கள். அதற்காகத்தான் சிலிண்டர் சுற்றுவது நின்றுவிட்டது என்று சென்சார் உறுதி செய்த பிறகே கதவுப் பூட்டு திறக்கும்படி வைத்திருக்கிறார்கள். அந்தக் கம்பியைக் கட்டியவர் மெஷினின் கண்ணைக் கட்டியிருக்கிறார்.

மேஸ்திரியிடம் இப்படிக் கேளுங்கள்: ஒரு ஷிப்ட்டில் இத்தனை முறை கதவைத் திறக்க வேண்டிய அவசியம் ஏன் வருகிறது? பஞ்சு அடைப்பதால் என்றால், சக்‌ஷன் குழாயில் காற்று குறைந்திருக்கிறதா, ஈரப்பதம் கூடியிருக்கிறதா, கம்பி மழுங்கியிருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்யட்டும். அடைப்பு நின்றால் கதவைத் திறக்கும் வேலையே குறையும், உற்பத்தியும் கிடைக்கும். பேனலுக்குள்ளும் சுவிட்ச்சைத் தாண்டிப் போகும் ஜம்பர் வயர் போட்டிருக்கிறார்களா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள், கதவில் கட்டுகிறவர்கள் அங்கேயும் கட்டியிருப்பார்கள். நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். அசையவில்லை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு எழுதுங்கள். அதுவரை அந்த மெஷினில் மெயின் சுவிட்ச்சை அணைத்துப் பூட்டுப் போட்டு, சிலிண்டர் நின்றதைக் கண்ணால் பார்க்காமல் யாரும் உள்ளே கை வைக்கக் கூடாது. அடுத்த ஷிப்ட் ஆட்களுக்கும் இதைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.