மூன்று கார்டு போதுமா?

கேள்வி: கிடாரில் மூன்று, நான்கு கார்டுகள்தான் (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) வாசிப்பேன். இதை வைத்து ஒரு பங்க் ராக் (வேகமான, எளிமையான ராக் இசை) ஆல்பம் போட முடியுமா?
- ஓசூர் வாசகர்

பதில்: தாராளமாக! நியூயார்க்கின் ராமோன்ஸ் குழு 1976-இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தைக் கேளுங்கள். 14 பாடல்கள், மொத்தமே 29 நிமிடம். சுமார் ஒரு வாரத்தில், 6,400 டாலர் செலவில் முடித்தார்கள். குழுவின் கிடார் கலைஞர் ஜானி ராமோன் கையை மேலிருந்து கீழாகவே அடித்து வாசிப்பார். அந்த இரைச்சல் அங்கிருந்துதான் வருகிறது. ஹெட்போனில் கேட்டால் பேஸ் (தாழ்சுர கிடார்) இடது காதிலும் கிடார் வலது காதிலும் விழும். வலது பக்கத்தை மட்டும் ஓடவிட்டு, கூடவே வாசித்துத்தான் நான் பழகினேன். வாரக்கணக்கில் மணிக்கட்டு வலித்தது, அப்புறம் சரியாகிவிட்டது. பதிவு செய்யும்போது டிரம்மரோடு ஒரே அறையில் சேர்ந்து வாசியுங்கள். துண்டு துண்டாக ஒட்டினால் அந்த வேகம் செத்துவிடும்.