பட்டர்நட் விதையும் பக்கத்து வேலிப் பூசணியும்

அன்புள்ள ஐயா,

பொகவந்தலாவைப் பக்கம் வசிக்கிறேன். இரண்டு வருடங்களுக்கு முன், கடையில் வாங்கிய பட்டர்நட் பூசணியின் விதைகளை லயத்துக்கு (தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு)ப் பின்னாலுள்ள மரக்கறிப் பாத்தியில் போட்டேன். காய்கள் யாவும் வாங்கிய காயைப் போலவே மணி வடிவில் வந்தன. அவற்றின் விதையைச் சேமித்துச் சென்ற வருடம் நட்டால், ஒரு கொடியில் தட்டையான வரிக்காய், இன்னொன்றில் புள்ளி விழுந்த பச்சைக்காய். மண் கெட்டுவிட்டது என்கிறார் மாமியார். அருகில் பாகற்கொடி இருந்ததும், பக்கத்து வேலியில் பூசணி படர்ந்திருந்ததும் காரணமாகுமா? நல்ல விதையை நானே எடுக்க முடியுமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

மண் கெடவில்லை. பாகல் மீதும் குற்றமில்லை. பாகல், சுரை, நீற்றுப்பூசணி எதுவும் பட்டர்நட்டோடு கலப்பதில்லை. ஆனால் நம்மூர்ப் பூசணியில் பெரும்பாலானவையும் பட்டர்நட்டும் தாவரவியலில் ஒரே இனம். இரண்டுக்கும் குக்கர்பிட்டா மொஸ்காட்டா என்றே பெயர். வேலிக்கு இரு பக்கமும் அவை ஒன்றாகப் பூத்தால் தேனீ வேற்றுமை பார்ப்பதில்லை.

முதல் வருடக் காய்கள் மாறாமல் இருந்ததுதான் பலரும் குழம்பும் இடம். பூவில் எந்த மகரந்தம் விழுந்தாலும் காயின் வடிவையும் தோலையும் சதையையும் தாய்க்கொடியே தீர்மானிக்கிறது. கலப்பு விதைக்குள் மட்டும் இருந்து, அந்த விதை முளைத்துக் காய்க்கும்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. ஆகவே உங்கள் விதை கலந்தது சென்ற வருடமல்ல, அதற்கு முந்திய வருடம். முதல் காய்களே ஆளுக்கொரு விதமாக வந்திருந்தால், கடைக்காய் எஃப் 1 கலப்பின விதையில், அதாவது இரு வேறு வகைகளைக் கலந்து எடுத்த முதல் தலைமுறை விதையில், விளைந்தது என்று நினைத்திருப்பேன். உங்களுடையது அப்படித் தோன்றவில்லை. கடைக்காயிலிருந்து எடுத்த அந்தப் பழைய விதையில் நாலைந்தாவது மிஞ்சியிருந்தால் அதையே நடுங்கள். நன்றாகக் காய்ந்த பூசணி விதை நான்கு வருடம் வரை முளைக்கும்.

தேனீ ஒரு கிலோமீற்றருக்கு மேலும் பறக்கும் என்பதால் லயத்துத் தோட்டங்களில் கொடிகளைத் தள்ளி நட்டுப் பயனில்லை. பூவைத்தான் காக்க வேண்டும். அடியில் குட்டிப் பட்டர்நட் போல ஒரு பிஞ்சைத் தாங்கி நிற்பது பெண் பூ. மெல்லிய நீண்ட காம்பில் தனியே நிற்பது ஆண் பூ. மறுநாள் விரியப்போகும் மொட்டின் நுனி முதல் நாள் மாலையிலேயே மஞ்சளாகிவிடும். அப்படிப்பட்ட பெண் மொட்டு ஒன்றையும் ஆண் மொட்டு இரண்டையும் தேர்ந்து, இதழ் நுனிகளை வாழைநாரால் இறுக்காமல் கட்டிவிடுங்கள். காலையில், பனி விலகுவதற்கு முன்பே, ஆண் பூவைப் பறித்து இதழ்களைக் கிள்ளி எறிந்தால் நடுவில் மஞ்சள் தூள் அப்பிய தண்டு மட்டும் நிற்கும். பெண் பூவின் கட்டை அவிழ்த்து, உள்ளே மகரந்தத்தை ஏற்கும் சூல்முடியின் மடல்கள் எல்லாவற்றிலும் அதை மெதுவாகத் தடவி, உடனே மறுபடி கட்டிவிட வேண்டும்; அந்த ஒரு நிமிடத்தில் ஒரு தேனீ நுழைந்தாலும் உழைப்பு வீண். காம்பில் ஒரு நிறத் துணித்துண்டைக் கட்டி வையுங்கள், இல்லாவிட்டால் அந்தக் காய் கறிக்குப் போய்விடும். என் வீட்டில் ஒருமுறை அப்படிப் போனது, இன்றும் மனம் ஆறவில்லை.

கறிக்குப் பறிக்கும் பருவத்தில் விதை முற்றியிருக்காது. தோலில் நகம் இறங்காமல், காம்பு காய்ந்து பழுப்பான பிறகு பறித்து, இன்னும் மூன்று கிழமை வீட்டுக்குள் வைத்திருந்து வெட்டுங்கள். விதை முழுவதும் அடிக்குமிழில்தான் இருக்கும். கழுவி, சுளகில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். மூடுபனி நாட்களில் அடுப்புக்குச் சற்றுத் தள்ளி வைக்கலாம். மடக்கினால் வளையாமல் ஒடிய வேண்டும்.

கலப்புக் காய்களைச் சமைத்து உண்ணலாம். ஆனால் கசந்தால் துப்பிவிடுங்கள், அதன் விதையையும் வைக்க வேண்டாம்.

காலத்தையும் கவனியுங்கள். ஊவாப் பக்கம் ஏப்ரலில் நட்டால் போதும். உங்கள் பக்கத்திலோ மே மாதம் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் பூவுக்குள் நீர் தேங்கி, தேனீயும் வராமல் பிஞ்சுகள் அழுகி உதிரும். டிசம்பர் நடுவில் விதை போட்டால் பெப்ரவரி வெயிலில் பூக்கும். அந்த மழைக்கு முன் காயும் முற்றிவிடும்.