சதுரங்கக் கேள்வி பதில்: இணையத்தில் அளாப்பி ஆடுவோர்

கேள்வி: ஐயா, நான் உயர்தர வகுப்பு மாணவன். இரவு வேளைகளில் லிசெஸ் என்னும் இணையச் சதுரங்கத் தளத்தில் பத்து நிமிட ஆட்டங்கள் ஆடுவேன். அண்மையில் என்னிலும் குறைந்த தரப்புள்ளி உடைய ஒருவர் ஒரு பிழையும் விடாமல் என்னை வென்றார். கணினியைப் பார்த்துத்தான் ஆடினீரா என்று அரட்டைப் பெட்டியில் கேட்டதற்குச் சிரிப்புக் குறியொன்றை இட்டுவிட்டுப் போய்விட்டார். இத்தகையோரை எப்படி இனங்காண்பது? என்ன செய்வது?
– மாணவன் ஒருவன், மல்லாவி

பதில்: தம்பி, ஒரேயோர் ஆட்டத்தை வைத்து எவரையும் அளாப்பி ஆடினார் என்று முடிவுகட்ட இயலாது. அவர் பிழை விடவில்லை என்று நீர் எழுதுவது, ஆட்டம் முடிந்தபின் தளம் காட்டிய துல்லிய வீதத்தை, அதாவது நகர்வுகள் கணினியின் கணிப்போடு எவ்வளவு ஒத்துப்போயின என்பதைக் காட்டும் எண்ணைப் பார்த்துத்தான் என்று எண்ணுகின்றேன். அந்த வீதம் ஆட்டத்தின் போக்கைப் பொறுத்தது. பன்னிரண்டாம் நகர்வில் நீர் ஒரு குதிரையைச் சும்மா கொடுத்திருந்தால், அதன்பின் காய்களை மாற்றி வெட்டி ஆட்டத்தை முடிப்பதற்குப் பெரிய திறமை ஒன்றும் வேண்டியதில்லை. பாடமாக்கிய தொடக்க நகர்வுகளும் அதனோடு சேர்ந்தால் நடுத்தர ஆட்டக்காரருக்கும் 95 வீதம் வந்துவிடும்.

அதைவிட நல்ல தடயம் நேரம். ஆட்டத்தின் பகுப்பாய்வுப் பக்கத்திலே ஒவ்வொரு நகர்வுக்கும் செலவான நேரம் வரைபடமாகக் காட்டப்படும். மனிதர் ஆடிய ஆட்டமாயின் அது ஏறியும் இறங்கியும் இருக்கும்: ராணிக்கு ராணியைத் திருப்பி வெட்ட ஒரு வினாடி, நடு ஆட்டச் சிக்கலில் 40 வினாடி. பக்கத்தில் இன்னொரு தொலைபேசியை வைத்து, உமது நகர்வை அதில் இட்டு விடை பார்த்து ஆடுபவருக்கோ, வேறு வழியே இல்லாத திருப்பி வெட்டலுக்கும் 7 வினாடி செல்லும், ஐந்து நகர்வுகளை முன்கூட்டியே கணக்கிட்டுக் கொடுக்கவேண்டிய காய்ப்பலிக்கும் அதே 7 வினாடிதான் செல்லும். வெல்லும் நிலையில் மனிதர் பாதுகாப்பான, இலகுவான வழியையே நாடுவார். கணினி தன் கணக்கில் அற்ப வித்தியாசத்துக்காக யாரும் நினைத்துப் பார்க்காத நகர்வை வைக்கும். இவை இரண்டும் அவருடைய பல ஆட்டங்களில் திரும்பத் திரும்பத் தெரிந்தால் ஐயப்படுவதில் நியாயம் உண்டு.

அப்போதும் அரட்டையில் வாதிட வேண்டாம். அவருடைய பக்கத்தில் உள்ள முறைப்பாட்டுப் பொத்தானை அழுத்தி, எந்த ஆட்டம், எந்த நகர்வுகள் என்று இரண்டு வரி எழுதி அனுப்பிவிட்டு, அவரைத் தடுப்புப் பட்டியலில் இட்டுவிட்டு அடுத்த ஆட்டத்துக்குச் செல்லும். லிசெஸில் இதற்கென எழுதப்பட்ட நிரல்களும் தொண்டர்களும் முறைப்பாடுகளை ஆராய்கின்றனர். நகர்வுகளையும் நேரத்தையும் மட்டுமன்றி, ஆட்டத்தின் நடுவே வேறு சாளரத்துக்கு மாறினாரா என்பதையும் அவர்களால் பார்க்க முடியும். குற்றம் உறுதியானால், விதிகளை மீறியவர் என்ற குறிப்பு அவர் கணக்கின்மீது விழும். அவரிடம் அண்மையில் புள்ளி இழந்தோருக்கு அது திருப்பித் தரப்படுவதும் உண்டு. செஸ்.கொம் தளத்திலும் நடைமுறை ஏறத்தாழ இதுவே. பெயர் சொல்லிப் பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டுவதை இரண்டு தளங்களுமே அனுமதிப்பதில்லை.

பகிரங்கக் குற்றச்சாட்டு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2022ஆம் ஆண்டு செப்டெம்பரில் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் நடந்ததே போதும். அன்றைய உலக வாகையர் மக்னஸ் கார்ல்சன், அமெரிக்க இளம் ஆட்டக்காரர் ஹான்ஸ் நீமனிடம் தோற்று மறுநாளே போட்டியிலிருந்து விலகினார்; நீமன் ஏமாற்றுகிறார் என்ற தம் ஐயத்தைப் பின்னர் பகிரங்கமாகவும் வெளியிட்டார். நீமன் இணையத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் ஏமாற்றியிருக்கக்கூடும் என்று செஸ்.கொம் அறிக்கை வெளியிட்டது; நேரடிப் பலகை ஆட்டங்களில் அவர் ஏமாற்றியதாக எவரும் நிறுவவில்லை. 10 கோடி டொலர் நட்டஈடு கோரி நீமன் வழக்குத் தொடர்ந்து, 2023இல் அது சமரசத்தில் முடிந்தது. தகுந்த காரணமின்றி விலகியதற்காக உலகச் சதுரங்கச் சம்மேளனம் கார்ல்சனுக்கு 10,000 யூரோ தண்டம் விதித்தது. அவ்வளவு பெரிய ஆட்டக்காரரே ஐயத்தை ஆதாரமாக்க முடியாமல் நின்ற இடத்தில், உமது அரட்டைப் பெட்டி வாதத்தால் என்ன ஆகப்போகின்றது? அந்த நேரத்தில், தோற்ற ஆட்டத்தில் உமது முதற்பிழை எந்த நகர்வில் நேர்ந்தது என்று தேடிப் பாரும்.

கேள்வி: எங்கள் பாடசாலைச் சதுரங்கக் கழகம் மாங்குளம், புதுக்குடியிருப்புப் பகுதிப் பிள்ளைகளையும் சேர்த்துச் சனிக்கிழமைகளில் லிசெஸில் அரீனாப் போட்டி (குறித்த நேரத்துக்குள் இயன்ற அளவு ஆட்டங்கள் ஆடும் போட்டி) நடத்துகின்றது. 1500 புள்ளிக்கு உட்பட்டோருக்கான போட்டியைச் சென்ற மாதம் புதிய கணக்கொன்று வென்றது. பழைய மாணவர் ஒருவர் வேறு பெயரில் வந்து ஆடியதாகப் பிள்ளைகள் சொல்கின்றனர். இதை எப்படித் தடுப்பது?
– ஆசிரியர் ஒருவர், ஒட்டுசுட்டான்

பதில்: ஸ்மர்ஃப் கணக்கு என்று பிள்ளைகள் சொல்வது இதைத்தான். கணினியைப் பார்த்து ஆடுபவரைவிட இவரைப் பிடிப்பது கடினம். தன் சொந்த மூளையாலேயே ஆடுவதால் நகர்வுகளில் தடயம் எதுவும் இராது. ஆனால் நீங்கள் முதலில் பார்க்கவேண்டியது, அவர் உண்மையிலேயே ஒளிந்து வந்தவரா, அல்லது புதிதாகச் சேர்ந்த நல்ல ஆட்டக்காரரா என்பதை. லிசெஸில் எல்லோரும் 1500இலேயே தொடங்குவர். காய் நகர்த்தப் பழகும் பிள்ளையும் மாகாண மட்டத்தில் ஆடியவரும் முதல் நாளில் ஒரே புள்ளியோடுதான் நிற்பர். புள்ளியின் பக்கத்தில் உள்ள கேள்விக்குறி, அந்த எண்ணை இன்னும் நம்ப வேண்டாம் என்பதற்கான அடையாளம். சில ஆட்டங்கள் வென்றாலே புள்ளி நூற்றுக்கணக்கில் ஏறிவிடும். ஏறவிட்டு ஆடுபவர் குற்றவாளி அல்லர்.

வேண்டுமென்றே இறக்கி வைத்திருப்பவரின் கணக்கு வேறுவிதமாக இருக்கும். அவருடைய ஆட்டப் பட்டியலைத் திறந்து பாருங்கள். மூன்றாம் நான்காம் நகர்வில் தோல்வியை ஒப்புக்கொண்ட ஆட்டங்கள் வரிசையாக நிற்கும். பிறகு போட்டி நாளில் மட்டும் தொடர் வெற்றி. அத்தகைய பட்டியல் கண்ணில் பட்டால் தயங்காமல் முறையிடுங்கள். வேண்டுமென்று தோற்றுப் புள்ளி இறக்குவது அங்கே தடைசெய்யப்பட்டது.

போட்டியை அமைக்கும்போதே நீங்கள் செய்யக்கூடியவை உண்டு. கழகத்தின் பெயரில் ஓர் அணியைத் தொடங்கி, எந்தக் கணக்கு எந்தப் பிள்ளையுடையது என்ற பட்டியலை உங்கள் கொப்பியில் வைத்துக்கொண்டு, அணியில் உள்ளோர் மட்டும் சேரலாம் என்று அமையுங்கள். தரமிடப்பட்ட ஆட்டங்கள், அதாவது தரப்புள்ளியை ஏற்றி இறக்கும் ஆட்டங்கள், குறைந்தது இருபது ஆடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் இடலாம். அதற்குள் கேள்விக்குறி பெரும்பாலும் போய்விடும். 1500 என்பது போன்ற மேலெல்லை நிபந்தனை அந்த வாரத்தில் ஒருவர் தொட்ட உச்சப் புள்ளியைப் பார்ப்பதால், போட்டிக்கு முந்திய இரவில் புள்ளியை இறக்கிவிட்டு வருவோருக்கு அது உதவாது. பரிசு பெரிதாக இருந்தால் இறுதிச் சுற்றையாவது பாடசாலை மண்டபத்தில் பலகை வைத்து நடத்துங்கள். மாங்குளத்திலிருந்து பிள்ளைகள் வருவதற்குப் பேருந்துச் செலவு உண்டு என்பதை அறிவேன், ஆயினும் ஐயத்தோடு கொடுக்கும் கேடயத்தைவிட அது மலிவு.

அந்தப் பழைய மாணவர் யாரென்று உறுதியாகத் தெரிந்தால் தனியாக அழைத்துக் கதையுங்கள். தண்டிப்பதைவிட, சனிக்கிழமைகளில் பிள்ளைகளோடு தன் சொந்தப் பெயரில் அமர்ந்து அவர்கள் தோற்ற ஆட்டங்களை விளக்கும்படி கேட்பது உங்கள் கழகத்துக்கு இலாபம். பத்து வயதுப் பிள்ளைகளை வென்று காட்டவேண்டிய தேவை அவருக்கு ஏன் வந்தது என்பதும் அப்போது தெரியவரும்.

கேள்வி: எங்கள் வீட்டில் இருப்பது ஒரே தொலைபேசி. மூத்த மகன் சில வேளைகளில் தங்கையின் கணக்கில் ஆடி அவளுக்குப் புள்ளி ஏற்றிக் கொடுப்பான். இப்போது அவள் கணக்கு மூடப்பட்டுவிட்டது. மாரி காலத்தில் சிக்னல் அறுந்து தோற்பதும் வழக்கம். என்ன செய்யலாம்?
– தாய் ஒருவர், விசுவமடு

பதில்: அம்மா, ஒரே தொலைபேசியில் இரண்டு பிள்ளைகள் இரண்டு கணக்கு வைத்திருப்பது தவறன்று, பாடசாலைக் கணினி அறையிலும் அப்படித்தான். ஒருவருடைய கணக்கில் மற்றவர் ஆடுவதுதான் தவறு. அன்பினால் செய்தது என்றாலும் எதிரே இருப்பவரை அது ஏமாற்றுவதே. 2021ஆம் ஆண்டு ஜூனில் கொவிட் நிவாரண நிதிக்காக விஸ்வநாதன் ஆனந்த் பல பிரமுகர்களோடு ஒரே நேரத்தில் இணையத்தில் ஆடியபோது, அவரை வென்ற இந்தியத் தொழிலதிபர் ஒருவர், ஆட்டத்தைக் கவனித்தவர்களிடமும் கணினியிடமும் உதவி பெற்றதை மறுநாளே பகிரங்கமாக ஒப்புக்கொள்ள நேர்ந்தது. நிதி சேர்க்கும் விளையாட்டு என்ற சமாதானம் அங்கும் எடுபடவில்லை.

மகளின் கணக்குக்கு முறையீடு செய்ய வழி உண்டு. நடந்ததை நடந்தபடியே, மகனைக்கொண்டே எழுதுவியுங்கள். இனிமேல் அண்ணனும் தங்கையும் தமக்குள் ஆடும்போது தரமிடாத ஆட்டமாகவே ஆடட்டும். இல்லையேல் ஒருவருக்கு ஒருவர் புள்ளி கொடுப்பதாக மறுபடியும் ஐயம் எழும்.

சிக்னலைப் பற்றி: ஆட்டத்தின் நடுவே அடிக்கடி மறைந்துபோகும் கணக்கைத் தளம் வேண்டுமென்று வெளியேறுவதாக எண்ணிச் சிறிது நேரம் ஆடவிடாமல் நிறுத்திவைக்கும். மழை நாட்களில் தொடர்முறை ஆட்டத்தைத் தெரிவுசெய்யச் சொல்லுங்கள். ஒரு நகர்வுக்கு ஒரு நாளோ மூன்று நாளோ அவகாசம் கிடைக்கும்; இணைப்பு வரும்போது நகர்வை இட்டால் போதும், தொலைபேசியும் வீட்டில் மற்றவர்களுக்குக் கிடைக்கும். அந்த வகை ஆட்டத்தில் தொடக்க நகர்வு நூல்களைப் பார்த்து ஆட அனுமதி உண்டு. கணினியைக் கேட்பதற்கும் அண்ணனைக் கேட்பதற்கும் அங்கும் அனுமதி இல்லை.