பூச்சிக்குப் பெயர் வைக்கிற படிப்பை நம்பிப் போகலாமா?

மகள் பூச்சியியலில் முதுகலை முடிக்கப் போகிறாள், அடுத்து செடி தின்னும் பூச்சிகளில் புது இனங்களைக் கண்டறிந்து விவரிக்கிற ஆராய்ச்சிக்குத்தான் போவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறாள், இதை வைத்துப் பிழைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும் அம்மா. ஆனால் 'வகைப்பாட்டியலாளர் தேவை' (இனங்களைப் பிரித்தறிந்து பெயர் வைப்பவர்) என்று விளம்பரம் வருவது அபூர்வம். மியூசியங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் அப்படிப்பட்ட நிரந்தர இடங்கள் மிகக் குறைவு, அதை மட்டுமே குறிவைத்துக் காத்திருந்தால் வயதுதான் போகும். இதை மறைத்து அவளை உற்சாகப்படுத்த எனக்கு விருப்பமில்லை.

இதில் நல்ல விஷயம், அவள் செடி தின்னும் பூச்சிகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். அவற்றில் பல, எங்காவது யாரோ ஒருவருடைய பயிரைத் தின்கின்றன. அதனால் இந்தத் திறமைக்குப் பயிர்ப் பாதுகாப்பு, துறைமுகங்களிலும் விமான நிலையங்களிலும் வரும் செடிகொடிகளைப் பரிசோதிக்கும் குவாரன்டைன், இயற்கை எதிரிகளைக் கொண்டு பூச்சியை அடக்கும் உயிரியல் கட்டுப்பாடு என்று வேறு கதவுகளும் உண்டு. அங்கே பதவியின் பெயர் வேறாக இருக்கும், செய்வது இதே வேலையாக இருக்கும்.

பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று வீட்டில் யாராவது கேட்டால் மரவள்ளி மாவுப்பூச்சியின் கதையைச் சொல்லுங்கள். 1970களில் அது ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து கோடிக்கணக்கானவர்கள் சாப்பிடும் மரவள்ளியை நாசமாக்கியது. 1977-ல்தான் அதற்கு ஃபீனகோக்கஸ் மனிஹோட்டி என்று அறிவியல் பெயரே வந்தது. மரவள்ளி தென் அமெரிக்கச் செடி, எனவே பூச்சியின் எதிரியும் அங்கேதான் இருக்கும் என்று தேடிப் போனார்கள். அந்தக் கண்டத்தின் வடபகுதியில் அச்சு அசலாக அதே மாதிரி ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது, ஆனால் அதன் எதிரிகள் ஆப்பிரிக்கப் பூச்சியிடம் எடுபடவில்லை. உற்றுப் பார்த்தால் அது வேறு இனம்! அதில் ஆணும் பெண்ணும் உண்டு, ஆப்பிரிக்காவில் இருந்ததோ ஆண் இல்லாமலே பெருகுகிற இனம். 1981-ல் பராகுவேயில் சரியான பூச்சி கிடைத்தது, கூடவே அதைக் கொல்லும் ஒரு சின்ன ஒட்டுண்ணிக் குளவியும். அந்தக் குளவிதான் ஆப்பிரிக்காவின் மரவள்ளியைக் காப்பாற்றியது. அந்தத் திட்டத்தை நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. இனத்தைப் பிரித்தறிந்தவர்களின் பெயர் அவ்வளவாக வெளியே வரவில்லை, அது இந்தத் துறையின் வாடிக்கை.

அப்புறம், வேலை எப்படி இருக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வலையோடு காட்டில் திரிவது கொஞ்சம், மேஜையில் குனிந்திருப்பது நிறைய. மாவுப்பூச்சி என்றால் உடலைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்துத் தெளியவைத்து, சாயமேற்றி, கனடா பால்சம் என்ற தெளிவான பிசினில் ஸ்லைடாக்கி, மைக்ராஸ்கோப்பில் துளைகளையும் மயிர்களையும் எண்ண வேண்டும். தத்துப்பூச்சி என்றால் பெரும்பாலும் ஆணின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்துப் பார்த்தால்தான் இனம் தெரியும், பெண் பூச்சி மட்டும் கிடைத்தால் பல சமயம் கையைப் பிசைய வேண்டியதுதான். பிறகு இதற்கு ஏற்கெனவே யாரும் பெயர் வைக்கவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும். விலங்குப் பெயர்களின் கணக்கு 1758-ல் தொடங்குகிறது, அத்தனை பழைய கட்டுரைகளையும் மூல மாதிரிகளையும் தேட வேண்டும். கடைசியில் மற்ற இனங்களிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று எழுதி, ஒரு பூச்சியை ஹோலோடைப் (அந்தப் பெயருக்கு ஆதாரமாக நிற்கும் ஒற்றை மாதிரி) என்று குறித்து, அது எந்தச் சேகரிப்பில் இருக்கும் என்றும் சொல்லி வெளியிட வேண்டும். இணையத்தில் மட்டும் வெளிவரும் இதழ் என்றால் விலங்குப் பெயர்களுக்கான அதிகாரபூர்வ இணையப் பதிவேடான ஸூபேங்கில் பதிவும் வேண்டும்.

இதற்குப் பொறுமை மட்டும் போதாது, இந்த நுணுக்கத்தில் ஒரு கிறுக்கு வேண்டும். முனைவர் பட்டத்தில் சேர்வதற்கு முன் ஒரு பூச்சிச் சேகரிப்பில் ஆறு மாதம் உட்கார்ந்து மாதிரிகளைப் பிரித்து, லேபிள் எழுதி, படம் வரைந்து பார்க்கட்டும். மூன்றாம் மாதமே சலித்துவிட்டால் நல்லது, பல வருடம் மிச்சம்.

சலிக்கவில்லையா? சரி, அப்படியானால் என் யோசனை இது. மாவுப்பூச்சி, இலைப்பேன், அசுவினி, வெள்ளை ஈ மாதிரி பயிரோடு சம்பந்தப்பட்ட ஒரு குழுவை எடுக்கட்டும். ஒரு சின்ன டிஎன்ஏ துண்டை வைத்து இனத்தை அடையாளம் காணும் டிஎன்ஏ பார்கோடிங்கையும் அதன் தரவுகளைக் கையாளும் கணினி வேலையையும் கட்டாயம் கற்கட்டும், ஏனென்றால் பார்வைக்கு ஒன்றாகத் தெரியும் பல இனங்கள் ஒரே பெயரில் ஒளிந்திருப்பதை வெள்ளை ஈயில் பார்த்துவிட்டோம். செடிகளை அடையாளம் காணவும் தெரிய வேண்டும். பூச்சி எந்தச் செடியில் இருந்தது என்பது தப்பாகப் பதிவானால், அந்தத் தப்பு பின்னால் வருகிற கட்டுரைகளிலும் தொடரும்.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் எத்தனை இனங்களுக்குப் பெயர் வைத்தார் என்று கேட்க வேண்டாம். அவரிடம் படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள், நல்ல சேகரிப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, உதவித்தொகை எத்தனை வருடத்துக்கு உறுதி என்று கேட்கச் சொல்லுங்கள். வகைப்பாட்டுக் கட்டுரைகளை மற்றவர்கள் மேற்கோள் காட்டுவது குறைவு, மேற்கோள்களை மட்டுமே எண்ணும் தேர்வுக் குழுவில் அவள் பின்தங்குவாள், அதனால் பூச்சி மேலாண்மை சார்ந்த கட்டுரை ஒன்றிரண்டும் கைவசம் இருக்கட்டும். இந்தக் கேள்விகளுக்கு வழிகாட்டி மழுப்பினால், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் வேறு இடம் பாருங்கள்.