கழற்றும் பந்தைக் கோட்டைவிட்டால் வழக்கும் போச்சு

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 63. பதினான்கு மாதங்களுக்கு முன் ஒரு தனியார் மருத்துவமனையில் இடது இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்தோம். செலவு 3.4 லட்சம். மூன்றாவது மாதத்திலிருந்து இதுவரை மூன்று முறை மூட்டு நழுவிவிட்டது. "தரையில் உட்கார்ந்திருப்பீர்கள்" என்று டாக்டர் அம்மாவையே திட்டினார். அறுவையின்போது மூட்டு விற்கும் கம்பெனியின் ஆள் ஒருவர் தியேட்டருக்குள் இருந்ததும் பிறகுதான் தெரிந்தது. இப்போது கோவையில் பார்க்கும் டாக்டர், டிஸ்சார்ஜ் சம்மரியில் லைனர் (செயற்கை மூட்டின் பந்து உட்காரும் உள்ளுறை) 36 என்று இருக்கிறது, எக்ஸ்ரேயில் பந்து 32 போலத் தெரிகிறது என்கிறார். அடுத்த மாதம் அங்கே மறு அறுவை. பழைய மருத்துவமனை, தாங்களே இலவசமாகச் சரிசெய்து தருவதாகப் போனில் சொல்கிறது. போலீசில் புகார் கொடுத்து, ஒரு கோடி இழப்பீடு கேட்கலாமா?
(ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: டாக்டர் திட்டியதை விட்டுவிடுங்கள். அதற்கு எந்த நுகர்வோர் ஆணையமும் பணம் தராது. மூட்டு நழுவியதுகூடத் தனியாக நின்றால் அலட்சியத்துக்கு ஆதாரம் ஆகாது. நன்றாகச் செய்த அறுவையிலும் மூட்டு நழுவும். நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவத்திலேயே அது இருக்கும்; எதிர்த்தரப்பு முதலில் நீட்டுவது அந்தத் தாளைத்தான். கம்பெனி ஆள் தியேட்டரில் நிற்பதும் வழக்கமாக நடப்பதுதான்.

உங்கள் வழக்கில் கேள்வி ஒன்றே ஒன்று: உள்ளே இருக்கும் பந்தின் அளவும் லைனரின் உள் அளவும் ஒன்றா, இல்லையா?

இந்த மூட்டு ஒரே துண்டாக வருவதில்லை. தொடை எலும்புக்குள் போகும் தண்டு, அதன் மேல் பந்து, இடுப்பு எலும்பில் கிண்ணம், கிண்ணத்துக்குள் லைனர் என்று தனித்தனிப் பெட்டிகளில் வரும். பந்து பெரும்பாலும் 28, 32, 36 மி.மீ. அளவுகளில் இருக்கும். லைனர் 36 என்றால் பந்தும் 36 தான். முதலில் மாதிரித் துண்டுகளைப் பொருத்திப் பார்ப்பார்கள். அப்போது எல்லாம் சரியாகவே இருந்திருக்கும். அசல் பெட்டியைப் பிரிக்கும்போதுதான் மாறும். கேட்பவர் ஒருவர், எடுப்பவர் ஒருவர், பிரிப்பவர் ஒருவர். லேபிளை வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்க யாரும் இல்லை என்றால் இப்படித்தான் ஆகும்.

தண்டு ஒரு கம்பெனி, பந்து இன்னொரு கம்பெனி என்றிருந்தால், "மருத்துவக் காரணத்துக்காகத் தெரிந்தே போட்டேன்" என்று டாக்டர் வாதாடலாம். நீங்கள் நிபுணர் சாட்சியைத் தேடி அலைய வேண்டியிருக்கும். 36 லைனருக்குள் 32 பந்தைத் தெரிந்தே போட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. எல்லா மருத்துவ வழக்கிலும் நிபுணர் கருத்து கட்டாயம் இல்லை என்று கிஷன் ராவ் வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இப்படிப்பட்ட, தவறு தன்னாலேயே தெரிகிற வழக்குகளுக்குத்தான். அதாவது, அளவு மாறியதை நிரூபித்தால் பாதி வழக்கு முடிந்தது. நிரூபிக்காவிட்டால் வழக்கே இல்லை.

"எக்ஸ்ரேயில் 32 போலத் தெரிகிறது" என்பது போதாது. பிளாஸ்டிக் லைனர் எக்ஸ்ரேயில் தெரியாது. பந்தும் படத்தில் பெரிதாகித்தான் விழும். ஆதாரம் இருப்பது கேஸ் ஷீட்டில் ஒட்டியிருக்கும் பெட்டி ஸ்டிக்கர்களில். அளவு, கேட்லாக் எண், லாட் எண் எல்லாம் அதில் இருக்கும். 2002 மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். எழுத்தில் கேளுங்கள், ஒப்புகையுடன் தபாலில் அனுப்புங்கள், சண்டைத் தொனி வேண்டாம். ஸ்டிக்கர் பக்கம் "காணவில்லை" என்றால் சப்ளையர் மருத்துவமனைக்குப் போட்ட இன்வாய்ஸையும் டெலிவரி சலானையும் ஆணையத்தின் மூலம் வரவழைக்கலாம். கேஸ் ஷீட்டில் ஒரு பக்கம் தொலையலாம், ஜி.எஸ்.டி. பில் அவ்வளவு சுலபமாகத் தொலையாது.

இனி, கட்சிக்காரர்கள் திரும்பத் திரும்ப விழும் குழி. மறு அறுவை முடிந்து ஒரு வாரம் கழித்து வக்கீல் ஆபீசுக்கு வருவார்கள். "கழற்றிய பந்து எங்கே?" என்று கேட்டால் முழிப்பார்கள். 2016 மருத்துவக் கழிவு விதிகளில், உடலிலிருந்து எடுக்கும் உலோக உறுப்புகளுக்கு நீல நிறப் பிரிவு என்றே இருக்கிறது. நீங்கள் முன்கூட்டியே கேட்காவிட்டால் அந்த மருத்துவமனை விதிப்படி அப்புறப்படுத்திவிடும், அதைக் குறை சொல்லவும் முடியாது. இன்னொரு வகையிலும் போகும்: கம்பெனி ஆள் "டெஸ்ட்டுக்கு அனுப்புகிறேன்" என்று கனிவாக வாங்கிக்கொள்வார், அப்புறம் அந்தத் துண்டு வராது. மறு அறுவைக்குப் பொருள் கொண்டுவருபவர் பழைய சப்ளையராகவே இருந்தால் இன்னும் மோசம்.

ஆகவே அறுவைக்கு முன்பே கோவை மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்து, அதன் நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். எடுக்கும் ஒவ்வொரு பாகத்தையும் தியேட்டரிலேயே அளவுகோலுடன் படம் எடுக்க வேண்டும். மேலே பொறித்திருக்கும் அளவையும் எண்ணையும் அறுவைக் குறிப்பில் எழுத வேண்டும். மூடி முத்திரையிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு உங்களிடம் தர வேண்டும். வாங்கிய பிறகு நீங்கள் பிரிக்கக் கூடாது, கழுவக் கூடாது. முக்கியமாக, "முதல் டாக்டர் செய்தது தவறு" என்று எழுதித் தரும்படி இந்த டாக்டரைக் கேட்காதீர்கள். சக டாக்டருக்கு எதிராக எழுத அவர் தயங்குவார். அளவை எழுதச் சொன்னால் தயங்க மாட்டார். நமக்கு அந்த இரண்டு எண்கள் போதும்.

இலவச மறு அறுவைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆதாரத்தை எதிர்த்தரப்பு கையிலேயே கொடுப்பதுதான் அது.

நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கக் காலக்கெடு இரண்டு வருடம். தெரியவந்த நாளிலிருந்து கணக்குப் போடலாம் என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருக்கலாம். ஸ்ரீகண்டே வழக்கில், 1993-ல் நடந்த அறுவையில் வயிற்றுக்குள் விட்ட துணியை 2002-ல் கண்டுபிடித்து 2004-ல் புகார் செய்தார் ஒரு பெண். இடையில் வலி இருந்தும் விசாரிக்கவில்லை என்பதால், காலம் கடந்தது என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. நீங்கள் அறுவை நடந்த தேதியிலிருந்தே எண்ணுங்கள். பத்து மாதம் இருக்கிறது. சமரசப் பேச்சு நடப்பதால் இந்தக் கடிகாரம் நிற்காது.

போலீஸ் வேண்டாம். ஜேக்கப் மேத்யூ தீர்ப்புக்கு (2005) பிறகு குற்ற வழக்குக்குக் கடுமையான அலட்சியம் வேண்டும், தனி மருத்துவக் கருத்தும் வேண்டும். அந்தக் கருத்து உங்களுக்கு எதிராக வந்துவிட்டால், நுகர்வோர் வழக்கில் அதையே காட்டுவார்கள். தயாரித்த கம்பெனியையும் சேர்க்காதீர்கள். 32 பந்தில் குறை எதுவும் இல்லை, அதைத் தப்பான இடத்தில் போட்டதுதான் குறை. டாக்டர், மருத்துவமனை, சப்ளையர் போதும்.

ஒரு கோடியை மறந்துவிடுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நீங்கள் கொடுத்த பணத்தை வைத்துத்தான் எந்த ஆணையம் என்பது முடிவாகும். உங்களுக்கு மாவட்ட ஆணையம்தான். மேலும், தனித்தனிப் பாகங்களாக வரும் மூட்டு என்பதால், தண்டும் கிண்ணமும் உறுதியாக இருந்தால் பந்தை மட்டும் மாற்றிச் சரிசெய்ய முடியலாம். நல்ல செய்திதான், ஆனால் இழப்பீட்டைக் குறைக்கும் செய்தியும் அதுவே.

ஸ்டிக்கர் நகலும் முத்திரையிட்ட டப்பாவும் கைக்கு வந்ததும் நோட்டீஸ் அனுப்பி, சமரசம் பேசுங்கள். கோவைச் செலவு முழுவதும், மூட்டு நழுவி மூன்று முறை மருத்துவமனையில் சேர்த்த செலவு, உடன் இருந்தவரின் சம்பள இழப்பு, அம்மா பட்ட வேதனைக்கு ஒரு தொகை: இது கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். வழக்கு, மேல்முறையீடு என்று இழுத்தால் அம்மாவுக்கு வயது எழுபது ஆகிவிடும். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரியை எப்படியும் கேட்பார்கள். மறு அறுவை முடிந்து, அம்மா ஊன்றுகோல் இல்லாமல் நடக்கும்வரை அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போடாதீர்கள். இரண்டு வருடக் கெடு அதற்குள் நெருங்கினால், முதலில் புகாரைத் தாக்கல் செய்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.