பெயிண்ட் அடித்தும் திரும்ப வரும் பூஞ்சை

கேள்வி: வேளச்சேரியில் தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். படுக்கையறையில் பீரோவுக்குப் பின்னால் சுவரெல்லாம் கறுப்புப் பூஞ்சை. தை மாதம் வீட்டு ஓனர் பட்டி பார்த்து பெயிண்ட் அடித்துக் கொடுத்தார். ஐப்பசி மழையோடு திரும்ப வந்துவிட்டது. நான்கு வயதுப் பையனுக்கு ராத்திரியானால் வீசிங். 'ஜன்னலைத் திறக்காதது உங்கள் தப்பு' என்கிறார் ஓனர்.

பதில்: பையனை இன்றைக்கே வேறு அறையில் படுக்க வையுங்கள். டாக்டரிடம் வீட்டில் பூஞ்சை இருப்பதையும் சொல்லுங்கள். அது கறுப்பா பச்சையா என்பது பெரிய விஷயமில்லை.

அடுத்து, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்; தப்பு யாருடையது என்பது அதிலேயே தெரிந்துவிடும். பெயிண்ட் உதிராத இடமாகப் பார்த்து, ஒரு அடிக்கு ஒரு அடி பாலிதீன் தாளை நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப் பக்கம் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. ஜன்னலைக் குறை சொல்லிப் பயனில்லை. அறைப் பக்கம் மட்டும் வேர்த்திருந்தால் ஓனர் சொல்வதில் நியாயம் உண்டு: துணியை உள்ளே காயப்போடுவதை நிறுத்தி, பீரோவைச் சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளிப் போடுங்கள்.

தரையிலிருந்து மூன்றடிக்குள் பட்டையாக ஈரமும் வெள்ளை உப்பும் பூத்திருந்தால், அது அடியிலிருந்து ஏறும் ஓதம். திட்டாக ஒரே இடத்தில் இருந்து, வெயில் காலத்திலும் காயாவிட்டால் மறுபக்கத்துக் குழாயைச் சந்தேகப்படுங்கள்.

பட்டி ஈரத்தைத் தடுக்காது. ஈரச் சுவரில் எமல்ஷன் அடித்தால் கொப்பளித்து உரியத்தான் செய்யும். ஈரக் கோட்டுக்கு மேல் ஒரு அடி வரை பூச்சைக் கொத்தி எடுத்து, செங்கல்லைக் காயவிட்டு, 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு 200 மில்லி வாட்டர்புரூஃபிங் திரவம் கலந்து பூச வேண்டும். ஏழு நாள் தண்ணீர் விட்டு, அப்புறம் ஒரு மாதம் காயவிட்டுத்தான் பெயிண்ட். ஓதம் அதிகமென்றால் சுவரடியில் துளையிட்டு ஈரத்தடுப்பு ரசாயனம் ஏற்ற வேண்டிவரும். வெளிப்பக்கத்தையும் விடாதீர்கள். சென்னையில் ரோட்டுக்கு மேல் ரோடு போட்டுப் பல பழைய வீடுகளின் அடித்தளம் மண்ணுக்குள் போய்விட்டது. சுவரோரம் குவிந்த மண்ணை வெட்டி எடுக்காமல் உள்ளே பூசுவது வீண் செலவு.

வேலை ஆரம்பிக்கும்வரை பூஞ்சையை உலர்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள். வித்துகள் அறையெங்கும் பறக்கும். என்-95 மாஸ்க், கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, துணியைக் கவரில் கட்டி எறிந்துவிடுங்கள். பிளீச்சிங்கோடு பாத்ரூம் ஆசிட் மட்டும் சேரவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

கேள்வி: ஓனர் செய்யாவிட்டால் நாங்களே செய்து வாடகையில் கழிக்கலாமா?

பதில்: கழிக்கலாம். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, நீங்கள் உண்டாக்காத கட்டுமானப் பழுது ஓனரின் பொறுப்பு. முதலில் எழுத்தில் கேளுங்கள், நியாயமான அவகாசம் கொடுங்கள், பில்லை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்க முடியாது. ஒப்பந்தம் வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். சுவரைக் கொத்துவதற்கு முன் தேதி தெரிகிற மாதிரி படம் எடுத்துவிடுங்கள். காலி செய்யும்போது பெயிண்ட் செலவை அட்வான்ஸில் பிடிக்க வந்தால் காட்டுவதற்கு அதுதான் இருக்கும்.